சைடு பி-யில் என்ன வைத்தார்கள்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருபத்திரண்டு வருஷம் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தோம். மெஷின் எங்கள் வீட்டுக்காரர் பொறுப்பு. பாட்டை வரிசைப்படுத்துவது, நிமிஷக் கணக்குப் பார்ப்பது, லேபிள் எழுதுவது என் பொறுப்பு. இப்போது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தை, நம்ம பக்கத்துப் பாட்டு ஆல்பங்களை, சுற்றியே வந்ததால் சமையல், மூட்டுவலி, மருமகள் கேள்விகளை ஜனவரிக்குத் தள்ளிவிட்டேன். மருமகள்கள் மன்னிக்கவும்.

விருத்தாசலம் வாசகர்: அம்மா, இந்த வருஷம் நம்ம பக்கத்துக் கலைஞர்கள் போட்ட ஆல்பங்களில் உங்களுக்குப் பிடித்தவை எவை? ஒன்று, இரண்டு, மூன்று என்று ராங்க் போட்டு, பெயரோடு சொல்லுங்கள். போன வருஷம் சொன்னீர்களே!

சொன்னேன், பட்டேன். மூன்று பேரைச் சொல்லி ஒருவரை விட்டேன். விட்டுப்போனவரின் அம்மாவும் நானும் ஒரே மீன்காரம்மாவிடம் வாங்குகிறவர்கள். பத்து மாதமாக அந்த அம்மா கூடையில் இருக்கும் மீனைப் பார்க்கிறார், என்னைப் பார்ப்பதில்லை. அதனால் இந்த வருஷம் பெயரும் கிடையாது, ராங்கும் கிடையாது. அடையாளம் சொல்கிறேன். நம் பக்கத்து ஆட்களுக்கு அது போதும்.

எப்படிக் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த ஆல்பம் கைக்கு வந்தாலும் நடுவிலிருந்துதான் ஆரம்பிப்பேன். கடைப் பழக்கம். 60 நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் அரை மணி. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். அரை மணிக்கு ஏறக்குறைய 86 மீட்டர். அந்த 86 மீட்டரை எதால் நிரப்புவது என்று தினமும் பேப்பரும் பேனாவுமாகக் கணக்குப் போட்டவள் நான். வாடிக்கையாளர் கொண்டுவரும் சீட்டில் சைடு ஏ பளிச்சென்று இருக்கும். ஹிட் பாட்டு ஏழு, நம்பர் போட்டு, அடிக்கோடு இழுத்து. சைடு பி பாதியில் சீட்டு தீர்ந்துவிடும். "நீங்களே ஏதாவது போட்டு நிரப்பிடுங்கம்மா" என்பார்கள். இல்லாவிட்டால் தயங்கித் தயங்கி ஒன்று கேட்பார்கள். மஞ்சக்குப்பத்துக் கல்லூரிப் பையன் ஒருவன் பதினொரு காதல் பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டாவதாக ஒரு மாரியம்மன் பாட்டு கேட்டான். "வீட்ல ஒரே டேப்புதான், அம்மாவும் கேப்பாங்க" என்றான். அந்தக் கேசட்டுக்குக் காசு குறைத்து வாங்கி வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கினேன்.

பாடுகிறவர்களும் அந்தப் பையன் மாதிரிதான். முதல் மூன்று பாட்டு ஊரைக் கூப்பிடுவதற்கு. ஊர் வந்து உட்கார்ந்து, பாதிப்பேர் எழுந்துபோன பிறகு என்ன பாடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்.

இந்த வருஷம் அப்படி நடுவில் கைவைத்து மாட்டிக்கொண்டது மூன்று.

ஒன்று, பண்ருட்டிப் பக்கத்து அண்ணன் தம்பி நாதஸ்வரம், தவில். ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. தங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில், நடை சாத்தியபிறகு, இரண்டே மைக் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நாதஸ்வரத்தைப் பஞ்சு ஒட்டிய அறையில் அடைத்து வாசித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கல்யாண வீட்டு ஸ்பீக்கரைத் தலையணைக்குள் வைத்த மாதிரி இருக்கும். கருங்கல் மண்டபத்தில் அது மூச்சு விடுகிறது. ஆரம்பத்தில் கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி, சாமி புறப்பாட்டு வாசிப்பு. எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஆறு விநாடி இருக்கிறது. அண்ணன் சீவாளியை, ஊதுகிற நாக்கை, வாயில் வைத்து நனைத்து, தனியாக ஊதிப் பார்க்கிறார். கோழிக்குஞ்சு மிதிபட்ட மாதிரி ஒரு கீச்சு. திருப்தியில்லை. நாதஸ்வரத்தில் கட்டித் தொங்குகிற சீவாளிக் கொத்திலிருந்து வேறொன்றை எடுக்கிறார். கொத்திலிருக்கும் ஊசி, நாதஸ்வரத்தின் அடிவாயான அணசில் தட்டும் 'டிக்' கூடக் கேட்கிறது. மறுபடி கீச்சு. இந்தத் தடவை சரி. வெட்டி எறிந்திருக்கலாம், வெட்டவில்லை.

பின்பாதியில் நீலாம்பரி ராகம். சாமியைப் பள்ளியறைக்கு அனுப்பும் நேரத்து வாசிப்பு. தம்பி தவிலின் தொப்பிப் பக்கம் அடிக்கும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, வலது கை விரல்கூடுகளையும் கழற்றிவிட்டு, வெறும் விரலால் தொட்டுக்கொண்டு போகிறார். தவிலா என்று சந்தேகம் வரும். பதினேழாவது நிமிஷத்தில் தூரத்தில் ரயில் ஹாரன். விழுப்புரம் – மயிலாடுதுறை தடத்துக்குப் பக்கத்து ஊர், தப்ப முடியாது. அந்த நேரத்துக்கு உழவன் எக்ஸ்பிரஸாகத்தான் இருக்க வேண்டும். அண்ணன் ஒரு கணம் நிறுத்தி, ஹாரன் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே சுரத்தைப் பிடித்து ஆரம்பிக்கிறார். வேண்டுமென்று செய்தாரா, தானாக வந்ததா என்று நேரில் பார்த்தபோது கேட்டேன். சிரித்துக்கொண்டே டீ சொன்னார்.

இரண்டாவது, தேவனாம்பட்டினத்துப் பாட்டி ஒருவர். பேத்தி படித்த பெண், போனில் பதிவு செய்து வெளியிட்டிருக்கிறாள். முன்பாதி முழுக்க ஒப்பாரி. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். பாட்டி வீட்டுக்குள் வாயைத் திறக்க மறுத்துவிட்டார். படகுகள் ஏற்றிவைத்திருக்கும் மணல்மேட்டுக்குப் போய், படகு மறைவில் உட்காரவைத்து, போன் மேல் குழந்தையின் கம்பளிக் குல்லாவை மாட்டி எடுத்திருக்கிறாள். அப்படியும் காற்று 'பொத்து பொத்து' என்று அடிக்கிறது. நீளமானது 14 நிமிஷம். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு பாட்டி கட்டியது. அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

பின்பாதிக்கு வந்தால் தாலாட்டு. அதே பாட்டி. இரண்டாவது தாலாட்டில் நாலாம் அடி வரும்போதுதான் எனக்கு உறைத்தது: மெட்டு அதேதான்! திரும்பப் போய் ஒப்பாரியைக் கேட்டேன், மறுபடி தாலாட்டு, மறுபடி ஒப்பாரி. ஒப்பாரியில் அடியின் கடைசி எழுத்தை மூச்சு தீரும்வரை இழுத்து அறுக்கிறார். தாலாட்டில் அதே இடத்தில் தூளியை ஆட்டுகிற மாதிரி மடக்கித் திருப்புகிறார். வித்தியாசம் அவ்வளவுதான். அன்றைக்கு அடுப்பில் இருந்த சாதம் அடிபிடித்துவிட்டது. மகள் என்ன யோசனை என்று கேட்டாள். எங்கே சொல்வது!

மூன்றாவது, குருசுக்குப்பத்துப் பையன்கள் நாலு பேர், ஒரு பெண். கிடார் கொஞ்சம் அதிகம், பாடுகிற பையனுக்கு 'ழ' வரவில்லை. எழுதிப் படிக்கச் சொல்லி யாராவது உட்காரவைக்க வேண்டும். ஆனால் 'மணல்' பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. 1989-இல் துறைமுகத்துக் கற்சுவர் வந்தபிறகு தெற்கேயிருந்து வரும் மணல் அங்கேயே தேங்க, நகரத்துக் கடற்கரை பாறாங்கல் குவியலானது. 2018-இல் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்தபிறகு காந்தி சிலைக்கு வடக்கே கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. இந்தப் பையன்கள் மணலே இல்லாத கடற்கரையில் வளர்ந்தவர்கள். பாட்டில் தாளத்துக்கு ஷேக்கர் இல்லை, கொத்தனார் சல்லடையில் மணல் சலிக்கும் சத்தம்: சர்... சர்... சர்... சர். எனக்கு அது போதும், கிடாரை மன்னித்துவிட்டேன். கடைசிக்கு முந்தைய துண்டு பாட்டே இல்லை. பாடுகிற பெண்ணின் தாத்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பழைய சொல்தா, சீட்டு விளையாடிக்கொண்டே பிரெஞ்சில் பாயிண்ட் எண்ணுகிறார், தோற்றதும் சுத்தத் தமிழில் திட்டுகிறார். பின்னால் ஒரே ஒரு வயலின். இரண்டு நிமிஷம்தான். என் பேத்தி அதை ரிங்டோனாக வைத்திருக்கிறாள். திட்டு வருவதற்குள் போனை எடுத்துவிடுவாள் என்று நம்புகிறோம்.

இவை போக ஒரு சர்ச் கீபோர்டு ஆல்பம், முன்பாதி மட்டும். ஒரு கானா ஆல்பம், குழந்தைகள் தூங்கியபிறகு.

நெல்லிக்குப்பம் கல்லூரி மாணவி: என் மாமா பையன் 'ஆல்பம் சாங்' விட்டிருக்கிறான். ஒரே பாட்டு, நாலு நிமிஷம். அது எப்படி ஆன்ட்டி ஆல்பம் ஆகும்?

ஆகாதுதான். ஆனால் அவனைத் திட்டுவதற்கு முன் என்னையும் கொஞ்சம் திட்டிவிடு. பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நாலு நிமிஷம்தான் பிடிக்கும். பெரிய கச்சேரியோ நாடகமோ வேண்டுமென்றால் பல தட்டுகள். அவற்றைக் கெட்டி அட்டை போட்டுப் புத்தகம் மாதிரி தைத்து, பக்கத்துக்கு ஒரு தட்டாகச் செருகி விற்றார்கள். பார்க்கப் போட்டோ ஆல்பம் மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். 1948-இல் நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் நீளத்தட்டு வந்து, எல்லாம் ஒரே தட்டில் அடங்கிவிட்டது. புத்தகம் போனது, பெயர் தங்கிவிட்டது.

நம் ஊரில் கதை வேறு. நமக்குப் பாட்டு என்றால் சினிமா, அடுத்தது பக்தி. இரண்டிலும் சேராததை எந்த அலமாரியில் வைப்பது? எங்கள் கடையில் மூன்றாவது தட்டில் அட்டை வெட்டி ஒட்டி 'ஆல்பம்' என்று எழுதியவள் நானேதான். பாப், கிராமியம், கட்சிப் பாட்டு, குழந்தைப் பாட்டு, மிமிக்ரிகூட அதில்தான் கிடந்தது. எல்லா ஊர்க் கடைக்காரர்களும் இதே வேலையைச் செய்தோம் போலிருக்கிறது. அதனால் சினிமாவில் வராத பாட்டு எல்லாமே 'ஆல்பம்' ஆகி, ஒற்றைப் பாட்டு 'ஆல்பம் சாங்' ஆகிவிட்டது. ஸ்பாட்டிஃபை கணக்குப்படி ஏழு பாட்டாவது இருக்க வேண்டும், அல்லது மொத்தம் 30 நிமிஷத்தைத் தாண்ட வேண்டும். மாமா பையன் இன்னும் ஆறு பாட்டு பாக்கி வைத்திருக்கிறான் என்று சொல்.

பண்ருட்டி வாசகி: பலாப்பழத்தைப் பற்றி ஒருத்தரும் ஆல்பம் போடவில்லையே?

சாப்பிட்டுக்கொண்டே பாடமுடியாது.

கன்னியக்கோயில் வாசகர்: எங்கள் ஊர் புதுச்சேரி எல்லை. இந்தப் பக்கம் வந்தால் புதுச்சேரிக் கலைஞர், அந்தப் பக்கம் போனால் கடலூர்க் கலைஞர் என்கிறார்கள். 'உள்ளூர்' என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?

நல்ல ஆளிடம் கேட்டீர்கள். முள்ளோடையைத் தாண்டினால் சாராயக்கடை போர்டு மட்டும் மாறுவதில்லை, தமிழ்த்தாய் வாழ்த்தே மாறிவிடுகிறது. கடலூர் மேடையில் மனோன்மணியம் சுந்தரனார் எழுதி எம்.எஸ்.விஸ்வநாதன் மோகனத்தில் போட்டது. இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை, புதுச்சேரி மேடையில் பாரதிதாசன் எழுதியது. நான் இங்கே வந்த புதிதில் பேத்தியின் பள்ளி ஆண்டுவிழா. எல்லோரும் எழுந்து நின்றோம். பல வருஷப் பழக்கத்தில் நான் கடலூர்ப் பாட்டுக்கு வாயைத் திறந்துவிட்டேன். இரண்டு சீர் போனதும் பேத்தி இடுப்பில் கிள்ளினாள். முன் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

என் கணக்கு இதுதான்: மத்தியானச் சாப்பாடு முடித்துக் கிளம்பி, கச்சேரி கேட்டு, கடைசி பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட முடிந்தால் உள்ளூர். முத்தியால்பேட்டையிலிருந்து சிதம்பரம் உள்ளூர், திண்டிவனம் உள்ளூர். சென்னை கிடையாது. திருவண்ணாமலை பௌர்ணமிக்கு மட்டும்.

கடலூர் முதுநகர் வாசகர்: அப்பா தேவாரம் பாடிய கேசட் ஒன்று பரணில் கிடைத்தது. 1988 என்று எழுதியிருக்கிறது. நாடாவில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. போட்டுக் கேட்கலாமா?

போட்டுவிடாதீர்கள்! கடிதத்தை அனுப்பிவிட்டு ஆசை தாங்காமல் போட்டிருந்தால் என்ன ஆனதோ. அது பூஞ்சை. அப்படியே ஓட்டினால் மெஷினில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொண்டு நாடாவைக் கிழிக்கும். அந்த மெஷினில் அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

இதில் எனக்கு அனுபவம் ஜாஸ்தி, அதுவும் கெட்டுப்போய் வந்த அனுபவம். கடையை மூடியபோது மாஸ்டர் கேசட் எல்லாவற்றையும் தேவனாம்பட்டினம் சாலையில் கொழுந்தனார் வீட்டு மாடி ஷெட்டில் வைத்திருந்தோம். 2011 டிசம்பர் 30, தானே புயல். விடியற்காலையில் ஷீட் பறந்துவிட்டது. எட்டு அட்டைப்பெட்டி. மழைத்தண்ணீரா, கடல்தண்ணீரா என்று தெரியாத ஏதோ ஒன்றில் ஊறிக் கிடந்தன. பதறிப்போய் ஹேர் டிரையரால் சூடு காட்டி இரண்டு கேசட்டை நானே சுருட்டினேன். அதில் ஒன்று ஒரு கண்டிப்பான ஓதுவாருடையது. அவர் போய்ச்சேர்ந்துவிட்டார், இல்லாவிட்டால் இன்றைக்கும் என்னை விட்டிருக்க மாட்டார்.

பிறகு கற்றுக்கொண்டது: சூடு காட்டக்கூடாது. முதலில் கேசட்டின் முதுகில், இரண்டு ஓரத்திலும் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுங்கள். கைதவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. கூட்டை ஐந்து ஸ்க்ரூவில் மூடியிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது, கழற்றலாம். ஒட்டி மூடியிருந்தால் கைதேர்ந்தவரிடம் கொடுங்கள். உள்ளே இரண்டு சுருளும் இருக்கும். பூஞ்சை பெரும்பாலும் சுருளின் ஓரத்தில்தான். சன்னல் திறந்த இடத்தில், மூக்கைக் கட்டிக்கொண்டு, உலர்ந்த மெத்துத் துணியால் ஓரத்தை மட்டும் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக்கூடாது. நல்ல கேசட் ஒன்றைப் பலிகொடுத்து அதன் கூட்டுக்குள் இந்தச் சுருளை மாற்றுங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் செப்புத்தகடும் குட்டிப் பஞ்சும் பழையதில் உதிர்ந்திருக்கும். ஓட்டுகிற மெஷின், போனால் போகட்டும் என்ற மெஷினாக இருக்கட்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கவும்.

அடுத்து ஒன்று, எங்கள் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தது. குரல் மூக்கடைத்த மாதிரி மந்தமாக வந்தால் நாடா போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பதிந்த மெஷினின் ஹெட்டும் உங்கள் மெஷினின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இல்லை, அவ்வளவுதான். ஹெட்டின் பக்கவாட்டில் ஸ்பிரிங் போட்ட சின்ன ஸ்க்ரூ இருக்கும். பாட்டு ஓடும்போதே வாட்ச் ரிப்பேர் ஸ்க்ரூடிரைவரால் அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பவேண்டும். திடீரென்று 'ச', 'ஸ' எல்லாம் தெளியும். அந்த இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக வையுங்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று முதல் நகலில் கைவைக்காதீர்கள். அப்பா திருப்பாதிரிப்புலியூருக்குப் பக்கத்து ஊர்க்காரர். அப்பர் பாடிக்கொண்டே கல்லில் மிதந்து வந்து நம் ஊரில் கரையேறிய 'சொற்றுணை வேதியன்' பதிகம் அதில் கட்டாயம் இருக்கும். அதற்குரிய காந்தார பஞ்சமப் பண்ணில்தான் பாடியிருக்கிறாரா என்று கேட்டு எழுதுங்கள்.

வடலூர் வாசகி: அருட்பாவுக்கு இந்த வருஷம் ஆர்கெஸ்ட்ரா வைத்து ஒரு ஆல்பமும், வாத்தியமே இல்லாமல் ஒரு ஆல்பமும் வந்தன. எது உங்கள் கட்சி?

வாத்தியமில்லாதது. பசித்தவனுக்குச் சோறு போடச் சொன்னவர் பாட்டுக்கு இருபத்துநாலு வயலின் எதற்கு? ஆனால் அந்தப் பெண்கள் சுருதிப்பெட்டியாவது வைத்திருக்கலாம். ஏழாவது பாட்டுக்குள் அரைக்கட்டை இறங்கிவிட்டார்கள்.

நெய்வேலி வாசகர்: பிடிக்காத ஆல்பத்தையும் சொன்னால்தானே விமர்சனம்?

சரி. தியானத்துக்கு என்று ஒன்று கொடுத்தார்கள். மணி, கிண்ணம், மூங்கில், 52 நிமிஷம். இந்தப் பக்கம் வாத்தியம் செய்வதில் குறைவில்லை. ஆரோவிலில் 'ஸ்வரம்' என்ற வாத்தியப் பட்டறையில் ஒரு கல்லைக் கையால் தடவிப் பாடவைத்தபோது நான் பத்து நிமிஷம் நகரவில்லை. பிரச்சினை வாத்தியத்தில் இல்லை. இந்த ஆல்பத்துக்குச் சைடு பி கிடையாது. எங்கே கைவைத்தாலும் அதே 'டொய்ங்'. இருபதாவது நிமிஷத்தில் எனக்குத் தியானம் கூடவில்லை, ஐஸ்காரன் ஞாபகம்தான் வந்தது. தூக்கம் வராதவர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன், என் சம்பந்தியம்மாவுக்குக் கேட்கிறது.

அரியாங்குப்பம் நண்பர்கள் நால்வர்: ஆல்பம் போடப்போகிறோம். இரண்டு பாரதியார் பாட்டு, ஒரு பாரதிதாசன், ஒரு பழைய சினிமாப் பாட்டு, மூன்று சொந்தப் பாட்டு. ஆலோசனை சொல்லுங்கள் அம்மா. காசு வருமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வராது. ஸ்பாட்டிஃபையில் ஒருவர் 30 விநாடியாவது கேட்டால்தான் அது ஒரு கணக்கு. 2024-இலிருந்து பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது ஓடாத பாட்டுக்குப் பைசா கிடையாது. சொந்தக்காரர்களை எண்ணிப் பாருங்கள்.

பாரதி 1908-இலிருந்து பத்து வருஷம் இருந்த ஊர். நீங்கள் பாடாமல் யார் பாடுவது? அவர் எழுத்து 1949-இல் அரசுடைமையானது. பாரதிதாசன் 1990-இல். வரிகளுக்கு யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் சினிமாவில் வந்த மெட்டைப் போட்டால் அது வேறொருவர் சொத்து. நீங்களே மெட்டுக் கட்டுங்கள், தம்பிகளா. பழைய சினிமாப் பாட்டை விட்டுவிடுங்கள் என்பேன். மறுபதிவுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் வழி இருக்கிறது, 31சி பிரிவு: முதல் பதிவு வந்த வருஷம் முடிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்கவேண்டும், முன்கூட்டியே அறிவித்து, வருஷத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியைக் கட்டவேண்டும். உங்களிடம் அவ்வளவு பணம் இருந்தால் என்னிடம் ஆலோசனை கேட்க மாட்டீர்கள்.

வரிசைக்கு வருகிறேன். சொந்தப் பாட்டு மூன்றையும் முதலில் கொட்டாதீர்கள். பாரதி ஒன்று, சொந்தம் ஒன்று, பாரதிதாசன், அப்புறம் ஒரு நீளமான சொந்தப் பாட்டு. இரண்டு பாட்டுக்கு நடுவில் எத்தனை விநாடி இடைவெளி என்று உட்கார்ந்து பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வேண்டாம். சோகப் பாட்டுக்குப் பின் நாங்கள் நாலு விநாடி விடுவோம், துள்ளல் பாட்டுக்குப் பின் ஒன்றரை. இதைக் கேட்டு யாரும் பாராட்டியதில்லை. மாற்றிப் போட்டபோது மட்டும் கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

லாஸ்பேட்டை வாசகர்: ஜூன் 21 ஃபெத் தெ லா மியூசிக் அன்று உங்களைப் பார்த்தேன். ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

பிரான்சில் 1982-இல் ஆரம்பித்த தெரு இசை நாள் நம் ஊருக்கும் வந்ததில், எனக்கு நடக்க ஒரு காரணம் கிடைத்தது. ஐஸ்கிரீமை ஏன் பத்திரிகையில் போடுகிறீர்கள்? வீட்டில் சர்க்கரைக் கணக்குப் பார்க்கிறார்கள்.

சிதம்பரம் வாசகி: கடைசியாக எப்போது அம்மா லேபிள் எழுதினீர்கள்?

நாலு மாதம் ஆகிறது. புதுப்பாளையத்திலிருந்து ஒரு பையன் தேடிக்கொண்டு வந்தான். அவன் அம்மாவிடம் எங்கள் கடை கேசட் இருக்கிறதாம், லேபிளில் என் கையெழுத்தைப் பார்த்திருக்கிறான். அவனும் ஆல்பம் போட்டிருக்கிறான், போனில்தான். ஆனால் ஆசைக்கு இருபது கேசட் அடிக்கப்போகிறானாம், லேபிள் நான் எழுதவேண்டுமாம். வெறும் கேசட்டுக்கு அவன் கொடுத்த விலையைக் கேட்டால் உங்களுக்கு மயக்கம் வரும். அந்தக் காசுக்கு அன்றைக்கு ஒரு பெட்டி டி.டி.கே. வாங்கியிருப்போம்.

மேசையில் உட்கார்ந்து எழுதினேன். சிவப்பு மையில் தலைப்பு, கறுப்பில் பாட்டு, நாற்பது வருஷம் முன்னால் மாதிரியே. கை நடுங்குகிறது, பதினொன்றாவது லேபிளுக்குமேல் கோடு போட ஸ்கேலைப் பேத்தி பிடித்துக்கொண்டாள். சைடு பி-யில் மூன்றரை நிமிஷம் மிச்சம் வந்தது. என்ன செய்வது என்று கேட்டான். சும்மா விடு என்றேன். கடைக்காரியாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன், ஏதாவது போட்டு நிரப்பியிருப்பேன்.

கூலி கேட்டான். லேபிளுக்கு நாங்கள் எப்போதும் வாங்கியதில்லை என்றேன். அடுத்த வாரம் ஒரு கிலோ முந்திரியோடு வந்தான். முழுப்பருப்பு, நல்ல பருப்பு. அவன் லிஸ்டில் மூன்று இடத்தில் 'ண' போடவேண்டிய இடத்தில் 'ன' போட்டிருந்தான். இருபது லேபிளிலும் திருத்தித்தான் எழுதிக் கொடுத்தேன். நெட்டில் இன்னும் அவன் திருத்தவில்லை.